மெதுவாக அழத் தெரியாத படம்

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த கந்தோரிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் தனியாகப் பார்த்த வேலையை இப்போது பங்கு போட்டுப் பார்க்கிறவர்கள். அதை வைத்து நான் இரண்டு ஆள் வேலை செய்தேன் என்று நினைக்க வேண்டாம். என் காலத்தில் இன்னொரு ஆளைப் போட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். சாயத்தண்ணி குடித்து முடியும்வரை என் முழங்கால் வலியை மரியாதையாக விசாரித்தார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். புதிதாக ஒரு சரித்திரப் படம் வந்திருக்கிறது. கொழும்பில் விமர்சனம் எழுதுகிறவர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் அதைப் போடலாமா, வேண்டாமா?

"நீங்க ஒரு படத்துக்காக ஒரு டொக்டரோட சண்டையே போட்டீங்களாமே சார், அத எழுதித் தாங்களேன்" என்றார்கள்.

சண்டை என்பது பெரிய வார்த்தை. அன்றைக்கு நான் மனதுக்குள் பேசியதையும் சேர்த்துக்கொண்டால் சண்டைதான். சரி, எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்தினபுரியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் நடமாடும் சினிமாப் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு வேன், ஒரு ஜெனரேட்டர், ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, நான். சப்ரகமுவ முழுக்கத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுவோம். பெல்மதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவன் நான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம், பயத்தில் இரண்டும் கலந்து பேசுவேன். இந்தத் தகுதிக்காகவே என்னை எடுத்தார்கள். கொழும்பில் கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே நான் கற்ற பெரிய பாடம், படம் முடிந்ததும் உடனே எழும்பக் கூடாது என்பது. கொஞ்ச நேரம் இருட்டில் அசையாமல் இருந்து, பிறகு ஒரு பெருமூச்சு விட வேண்டும். அப்படிச் செய்தால் உங்களுக்குச் சினிமா தெரியும் என்று பக்கத்துக் கதிரைக்காரர் நம்பிவிடுவார். நானும் நன்றாகவே பெருமூச்சு விட்டேன். சான்றிதழ் கொடுத்தார்கள்.

மிச்சத்தையெல்லாம் தோட்டங்கள்தான் கற்றுத் தந்தன. முதல் முதல் துணியைத் தோட்டத்துப் பாடசாலைச் சுவரோடு ஒட்டிக் கட்டினேன். பொம்பளைகள் சண்டைக்கு வந்தார்கள். "ஏங்க, பின்னாடி உக்காந்து பாக்குறவங்க எங்க போறது?" எனக்கு விளங்கவில்லை. பிறகு பார்த்தால், எங்கள் மைதானங்களெல்லாம் சரிவு. முன்பக்கத்தை ஆம்பளைகள் பிடித்துக்கொள்வார்கள். வயசானவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் துணிக்குப் பின்னால் பாய் விரித்துக்கொள்வார்கள். படம் அங்கே இடம் வலமாக மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் குங்குமம் வைப்பான். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அன்றிலிருந்து இரண்டு கம்புக்கு நடுவில், இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற மாதிரித்தான் துணி கட்டினேன்.

என் மேலதிகாரி ஹேரத் மாத்தையா. மாத்தையா என்றால் சிங்களத்தில் ஐயா. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரும் எல்லாவற்றையும் நிதானமாகவே செய்வார். சத்தம் போட்டதே இல்லை. நாம் ஒன்றைச் சொல்லி முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "இதிங்?" என்பார். சிங்களத்தில் 'அப்புறம்?' என்று அர்த்தம். அவரோடு நான் பேசியதும் சிங்களத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன். நாம் இன்னும் கொஞ்சம் சொல்வோம். மறுபடி "இதிங்?" அப்போது, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததும் வெளியே வரும். மூன்றாவது "இதிங்?"குக் கல்யாணத்துக்கு முந்திய ரகசியம்கூட வந்துவிடும். பொலிஸில் இருந்திருந்தால் லத்திச் செலவே இருந்திருக்காது.

ஒருமுறை அந்த 'இதிங்' எனக்கே உதவியது. அரநாயக்கப் பக்கம் மண்சரிவு வந்த வருஷம். ஒரு பாடசாலையில் ஆட்களைத் தங்க வைத்திருந்தார்கள், சிங்கள ஆட்களும் எங்கள் ஆட்களும் ஒரே மண்டபத்தில். பாவம், கொஞ்சம் சிரிக்கட்டும் என்று ஒரு பகிடிப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பாதியில் ஒரு அம்மா எழும்பி என்னிடம் வந்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. நல்லா அழுவுற படமா ஒண்ணு இருந்தா போடுங்க. இங்க எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கிட்டே இருக்கோம், யாருக்கும் அழ முடியல" என்றார்.

வேனில் ஒரு பழைய அழுகைப் படம் கிடந்தது. பயிற்சி வகுப்பில் அதைச் சொல்லித்தான் எல்லாரும் சிரிப்போம். அதைப் போட்டேன். அந்த மண்டபம் அழுதது. சிங்கள அம்மாக்கள் படத்துக்குக் கீழே சிங்கள எழுத்து ஓடாமலே அழுதார்கள். அடுத்த நாள் ஹேரத் மாத்தையாவிடம் நடந்ததைச் சொன்னேன். "இதிங்?" "அவ்வளவுதான் சார்." "இதிங்?" "நான் கொழும்புல படிச்சது பாதி பிழைன்னு நினைக்கிறேன் சார்." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். போடும்போது அவர் தலையாட்டியதாக எனக்கு ஒரு ஞாபகம்.

இப்போது அந்தப் படம். பெயர் சொல்லவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோப்பிக் காலத்தில் நம் ஆட்கள் கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மலைக்கு நடந்து வந்த கதை. பாட்டு உண்டு, மழை உண்டு, முறுக்கு மீசைக் கங்காணி உண்டு, எங்கே பார்த்தாலும் புல்லாங்குழல் உண்டு. அந்தப் படத்தின் சில காட்சிகளை ருவான்வெல்லைப் பக்கம் ஒரு றப்பர்த் தோட்டத்தில் எடுத்தார்கள். உள்ளூர் ஆள் பிடித்துக் கொடுக்க என்னைத்தான் கேட்டார்கள். அப்படி நான் காட்டிக் கொடுத்த ஆள்தான் செல்வமேரி அக்கா.

செல்வமேரி அக்கா அந்தத் தோட்டத்தில் றப்பர்ப் பால் வெட்டுகிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள் அவிசாவளையில் ஒரு துணிக்கடையில் வேலை. தவக்காலத்தில் கோயிலில் பசாம், யேசு செத்ததைச் சொல்லி அழுகிற பாட்டு, பாடுவார். அந்தக் குரல் கேட்டால் சிங்களப் பக்கத்து ஆட்களும் ரோட்டில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். படத்தில் அவருக்கு ஒரே ஒரு காட்சி. வழியில் புருஷன் காய்ச்சலில் செத்துப்போகிறான். கங்காணி யாரையும் நிற்க விடாமல் விரட்டுகிறான். கூட்டம் நடந்துகொண்டே இருக்க, இவர் ரோட்டோரத்தில் பிணத்தோடு உட்கார்ந்து அழ வேண்டும்.

டைரக்டர் நல்ல மனுசன். "அம்மா, சத்தம் வேண்டாம். கண்ணீர் மட்டும் போதும்" என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மெதுவா அழுதா செத்தவனுக்கு எப்படிங்க கேக்கும்?"

டைரக்டர் கமராக்காரரைப் பார்த்து 'எடு' என்று விரலை ஆட்டினார். அக்கா ஆரம்பித்தார்.

பிரச்சினை அழுகையில் இல்லை. நடக்கிற கூட்டத்தில். அதில் நடித்தவர்களும் அதே தோட்டத்துப் பொம்பளைகள்தான். எங்கள் தோட்டங்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தால் மற்றவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழ வேண்டும். சண்டைக்காரியாக இருந்தாலும் வந்து அழுதுவிட்டுத்தான் போவாள். ஒரு பொம்பளையைத் தனியாக அழ விடுவது அவளை ஊரை விட்டுத் தள்ளி வைக்கிற மாதிரி. இவர்களிடம் போய், "திரும்பிப் பாக்காம நடந்து போயிருங்க" என்றால்? முதல் தடவை நாலைந்து அடி போனார்கள், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி வந்தார்கள். டைரக்டர் கெஞ்சினார். நான் சத்தம் போட்டேன். "இது நடிப்புங்க! நெசமா யாரும் சாவல!" பக்கியம் என்கிற ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னை அதட்டினார். "அது எங்களுக்குத் தெரியும். அதுக்காக அவள ஒத்தையில விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

கடைசியில் அவர்களையெல்லாம் சாப்பிட அனுப்பிவிட்டு, மேக்கப் பெட்டி தூக்குகிறவர்களுக்குச் சேலை கட்டி நடக்க விட்டோம். படத்தில் செல்வமேரி அக்காவை விட்டுவிட்டுப் போகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு மீசை உண்டு. பின்னால் இருந்து எடுத்ததால் தப்பித்தோம்.

படம் வெளியானது. இரண்டு பக்கமும் அடி. கடைத்தெருவில் சில பெரிய மனுசர்கள், "நம்ம பாட்டன் பூட்டன் பொணத்த ரோட்டுல விட்டுட்டா வந்தாங்க? இது நம்மள அசிங்கப்படுத்துற படம். இங்க போட்டா துணிய கிழிப்போம்" என்றார்கள். கொழும்பில் எழுதுகிறவர்களுக்கு அந்தக் கோபமெல்லாம் இல்லை. அவர்களுக்கு முகச்சுளிப்பு. மலிவான படம், கண்ணீர் வியாபாரம். அதிலும் ஒருவர் செல்வமேரி அக்காவின் காட்சியைத் தனியாக எடுத்துக் 'கட்டுப்பாடில்லாத கூச்சல்' என்று எழுதினார். யாரோ அந்தத் துண்டை வெட்டி, கீழே சிரிக்கிற பொம்மைகள் போட்டு, போனில் ஓட விட்டார்கள். அது ஓடி ஓடி அவிசாவளைத் துணிக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது.

தோட்டங்களில் போடலாமா என்று எங்கள் கந்தோர்தான் முடிவு செய்ய வேண்டும். படம் தெரிவு செய்கிற குழு என்றால் மூன்று பேர். ஹேரத் மாத்தையா, கொழும்பிலிருந்து வருகிற டொக்டர் அருளம்பலம், நான். எனக்கும் வாக்கு உண்டு. யாரும் கேட்டதில்லை. டொக்டர் என்றால் ஊசி போடுகிற டொக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கின கலாநிதி. யாழ்ப்பாணத்துக்காரர். நிறையப் படித்தவர், நல்ல படங்களைத் தேடிப் பார்க்கிறவர். அவர் சொல்லித்தான் நானே சில நல்ல படங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே போனாலும் ஒரு சின்னக் குஷன் கொண்டு போவார், முதுகு வலி. கெட்ட மனுசன் இல்லை. கெட்ட மனுசனாக இருந்திருந்தால் அவரை எதிர்ப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

படத்தைக் கந்தோரிலேயே பார்த்தோம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, லெப்டொப்பில், சத்தத்தைக் குறைத்து வைத்து. பக்கத்து அறையில் காணிப் பதிவுக்காரர்கள் இருந்ததால் சத்தம் வைக்க முடியாது. செல்வமேரி அக்காவின் காட்சி வந்தபோது அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கொசு பாடுகிற மாதிரிக் கேட்டது.

முடிந்ததும் டொக்டர் அசையாமல் இருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார். எனக்கு எங்கள் பயிற்சி வகுப்பு ஞாபகம் வந்தது.

"இது படமில்லைத் தம்பி. இது செத்தவீடு" என்றார். "உந்தக் கதையை எவ்வளவு அடக்கமாச் சொல்லியிருக்கலாம்? ஏன் அந்த மனுசி இப்பிடிக் கத்துறா? அந்தக் காலத்தில றப்பர் மரம் எங்க இருந்தது? பின்னால மரத்தில பால் சிரட்டையும் தொங்குது. சனத்தின்ர ரசனையை நாங்கள்தான் வளர்க்க வேணும். உதுக்குப் பதிலா வேறை ஒரு படம் தாறன்."

அவர் தருவதாகச் சொன்ன படம் எனக்குத் தெரியும். நல்ல படம்தான். ஒரு பொம்பளை ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிறாள். இரண்டு மணித்தியாலம் பார்க்கிறாள். இரத்தினபுரியில் நாங்கள் அதை வருஷம் முழுக்கச் சும்மாவே பார்க்கிறோம்.

ஹேரத் மாத்தையா என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

நான் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். அருமையான பேச்சு. பாதிதூரம் போன பிறகுதான் கவனித்தேன், ஹேரத் மாத்தையாவைப் பார்த்துத் தமிழிலும், டொக்டரைப் பார்த்துச் சிங்களத்திலும் பேசிக்கொண்டிருந்தேன். டொக்டருக்குச் சிங்களம் பஸ்ஸில் இறங்குகிற அளவுக்குத்தான் தெரியும். ஹேரத் மாத்தையாவுக்குத் தமிழில் 'வணக்கம்' தெரியும். இருவரும் மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் கை பட்டு, மேசையில் இருந்த பேனை உருண்டு விழுந்தது. குனிந்து எடுக்கிற சாக்கில் மேசைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். அங்கே நல்ல அமைதி.

மேலே வந்து, ஆளுக்கு ஏற்ற மொழியில் மறுபடி சொன்னேன். நான் சொன்னதில் ஒன்றையும் இன்றைக்கும் மாற்ற மாட்டேன், அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

றப்பர் மரம் பிழை. சிரட்டையை நான்தான் இலை வைத்து மறைத்தேன், காற்று அடித்துவிட்டது. கங்காணி மீசை பிழை. புல்லாங்குழல் பெரும் பிழை. ஆனால் அழுகை பிழையில்லை. அடக்கமாக அழுவதும் ஒரு வழக்கம்தான், சினிமாவின் சட்டம் இல்லை. கதவுள்ள அறை இருக்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள். அதைப் படமாக எடுத்தால் கலை என்கிறோம். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். அங்கே அழுகை எப்படியும் வெளியே கேட்கும். அதனால் அதை ஒளிக்காமல், பாட்டாக்கி, ஆளைக் கூப்பிட்டு, கூடி அழுகிறார்கள். அதற்கும் தாளம் உண்டு, ஒழுங்கு உண்டு, எங்கே ஏற வேண்டும் எங்கே இறங்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. நமக்கு அந்தக் கணக்குப் பழக்கமில்லை என்பதற்காக அதைக் கூச்சல் என்று சொல்ல முடியாது. கடைத்தெருப் பெரிய மனுசர்களுக்கும் இதேதான் பதில். பாட்டன் பூட்டன் பிணத்தை விட்டுவிட்டு வந்தார்கள் என்று படம் குறை சொல்லவில்லை. உட்கார்ந்து அழக்கூட அவர்களை விடவில்லை என்று சொல்கிறது. அசிங்கம் யாருக்கு?

"இதிங்?" என்றார் ஹேரத் மாத்தையா.

"கந்தோருக்குள்ள பாத்து முடிவு பண்ணக் கூடாது சார்."

"இதிங்?"

"ருவான்வெல்லையில, அந்தத் தோட்டத்துலயே ஒரு தடவ போட்டுப் பாப்போம். டொக்டரும் வரட்டும்."

"இதிங்?"

அந்த மூன்றாவது இதிங். "சனங்க சிரிச்சா, நான் இனிமே படமே தெரிவு செய்ய மாட்டேன் சார்." வாய் சொல்லி முடித்த பிறகுதான் காதுக்குக் கேட்டது.

டொக்டர் சிரித்தார். "சரி தம்பி, நானும் வாறன். ஆனா குஷன் வைக்க ஒரு கதிரை வேணும்."

என் குழுப் பதவி போனால் எனக்குக் கொஞ்சம் வெட்கம், வீட்டில் கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான். உண்மையில் பணயம் வைத்தது யாரை என்று அன்றைக்கு வேனில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. சொந்தத் தோட்டத்தில், சொந்த ஆட்கள் நடுவில் யாராவது ஒருத்தன் அந்தப் போன்காரன் மாதிரிச் சிரித்துவிட்டால், செல்வமேரி அக்கா அங்கே எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்?

நேரே போய், டொக்டருக்குக் காட்ட அந்தப் படத்தை அங்கே போடப் போகிறோம் என்று அவரிடமே சொன்னேன். பால் வாளியோடு மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"போடாதீங்க தம்பி."

"அக்கா, அது நல்லா வந்திருக்குக்கா."

"நல்லா வந்திருந்தா மககிட்ட அந்தக் கடைப் புள்ளைங்க ஏன் போன நீட்டிச் சிரிக்கிறாங்க? 'உங்க அம்மாவா இது, லவுட்ஸ்பீக்கர் மாதிரி'ன்னாங்களாம். அவ நாலு நாளா என்கிட்ட சரியாப் பேசல." வாளியைக் கீழே வைத்தார். "இந்தத் தவக்காலத்துல கோயில்லயும் நான் வாயத் தொறக்கல. பாதர் கேட்டாரு, தொண்டை சரியில்லன்னு சொல்லிட்டேன்."

அவர் மறுபடி வாளியைத் தூக்கினார். "போடுறதுன்னா போடுங்க. கவர்மெண்டு வேல, நான் தடுக்க முடியுமா? நான் வரமாட்டேன். அத மட்டும் எதிர்பாக்காதீங்க."

அந்த நாள் வந்தது. மழை இல்லை, அதுவே ஒரு அதிசயம். பொழுது சாயத் துணியைக் கட்டினேன். மைதானம் நிறைந்தது. முன்வரிசையில் தாய்மார் சிலரையும் விடச் சொல்லிச் சண்டை பிடித்து இடம் வாங்கியிருந்தார் பக்கியம் அக்கா. டொக்டருக்கு ஒரு கதிரை, குஷன், ஒரு ரொட்டி. ஹேரத் மாத்தையா புல்லிலேயே உட்கார்ந்துகொண்டார். கடைத்தெருப் பெரிய மனுசர்கள் சிலர் ஓரமாகக் கை கட்டி நின்றார்கள். துணியைக் கிழிக்கப் போவதாகச் சொன்ன அதே ஆட்கள். நான் புரொஜெக்டர் மேசையில் நின்றுகொண்டு துணியை எண்ணிக் கவலைப்பட்டேன். கந்தோர்த் துணி, கிழிந்தால் என் தலையில்தான் விழும்.

பாட்டுக்குக் கைதட்டினார்கள். கங்காணிக்குத் திட்டினார்கள். றப்பர் மரம் வந்தபோது ஒருத்தர், "அடேய், நம்ம மரம்டா!" என்று சந்தோஷமாகக் கத்தினார். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜெனரேட்டரைப் பார்த்தேன்.

பிறகு அந்தக் காட்சி. அக்கா ரோட்டோரத்தில் உட்காருகிறார். கூட்டம் நடக்கிறது. குரல் எழும்புகிறது. லெப்டொப்பில் கொசுவாகக் கேட்ட குரல், இங்கே மலையில் மோதித் திரும்பி வந்தது. நான் எங்கிருந்தாவது சிரிப்பு வருகிறதா என்று காது கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

அப்போது முன்வரிசையில் பக்கியம் அக்கா எழும்பினார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தர். பிறகு ஒரு பத்துப் பேர். எல்லாரும் துணியை நோக்கி நடக்கிறார்கள்.

முடிந்தது, கிழிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெரிய மனுசர்கள் பொம்பளைகளைத் தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்று ஒரு கதையே மனதுக்குள் ஓடியது. அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். முதலில் விளக்கைப் போட வேண்டும், பிறகு அமைதியாக மைக்கில் பேச வேண்டும். நான் செய்தது, கையில் அகப்பட்ட ஏதோ ஒன்றைத் திருகியது. சத்தம் மட்டும் நின்றது. படம் ஓடிக்கொண்டே இருந்தது.

அழுகை நிற்கவில்லை.

ஒரு கணம் எனக்குப் பேய் பிடித்த மாதிரி இருந்தது. ஸ்பீக்கர் ஊமை. ஆனால் அழுகை கேட்கிறது. துணியைப் பார்த்தேன். எழும்பிப் போன பொம்பளைகளின் நிழல் துணியில் விழுந்திருந்தது. படத்தில் ரோட்டோரத்தில் தனியாக இருக்கிற செல்வமேரி அக்காவைச் சுற்றி, அந்த நிழல்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அன்றைக்குப் படப்பிடிப்பில் நாங்கள் விரட்டி விரட்டி அனுப்பிய அதே பொம்பளைகள். துணிக்கு அடியில் தோளைக் கட்டிக்கொண்டு, அக்கா விட்ட இடத்திலிருந்து எடுத்து அழுதுகொண்டிருந்தார்கள். அவளை ஒத்தையில் விட அவர்களுக்கு இப்போதும் மனசில்லை.

துணிக்குப் பின்னால் இருந்து ஒரு விசும்பல் கேட்டது. பக்கியம் அக்கா துணியின் கீழ் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருடி அது, பின்னால? மேரியா? அடிப்பாவி, இங்கதான் இருக்கியா? இந்தப் பக்கம் வாடி!"

வரமாட்டேன் என்று சொன்ன செல்வமேரி அக்கா, கைப்பிள்ளைக்காரிகளுக்கு நடுவில் முக்காடு போட்டு உட்கார்ந்து, இடம் வலம் மாறின தன்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நிழல்கள் வந்து பக்கத்தில் உட்காருவதையும் அங்கிருந்தே பார்த்திருக்கிறார். துணிக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். அத்தனை பேரும் அவரைக் கட்டிக்கொண்டார்கள். அழுதபடியே தலையைத் தூக்கி என்னைத் தேடினார்.

"தம்பி, என்னத்துக்கு நிப்பாட்டுனீங்க? சத்தத்தப் போடுங்க. இப்ப ஆளிருக்கு எனக்கு."

போட்டேன். அவசரத்தில் கொஞ்சம் கூடவே போட்டுவிட்டேன். ருவான்வெல்லை பஸ் நிலையம்வரை கேட்டிருக்கும். கை கட்டி நின்ற பெரிய மனுசர்கள் கையை அவிழ்த்திருந்தார்கள். அதில் ஒருத்தர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார், வியர்வையாம்.

படம் முடிந்தது. டொக்டர் எழும்பவில்லை. இருட்டில் இருந்தார். நான் பெருமூச்சை எதிர்பார்த்தேன், வரவில்லை. குஷனைக் கையில் எடுத்துக்கொண்டு ஹேரத் மாத்தையாவிடம் வந்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன், இந்த முறை சரியான பக்கத்துக்கு.

"அந்தப் புல்லாங்குழலைக் குறைச்சிருக்கலாம்" என்றார் டொக்டர்.

"இதிங்?"

"றப்பர் மரம் பிழைதான். அதில நான் மாற மாட்டன்."

"இதிங்?"

டொக்டர் துணிப் பக்கம் பார்த்தார். பொம்பளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டு, இப்போது எதற்கோ கெக்கலித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அந்தச் சத்தத்தை நான் கேக்கேல்லைத் தம்பி. கந்தோரில பார்த்தது வேறை படம்" என்றார். குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "காட்டுங்கோ. எல்லா இடமும் காட்டுங்கோ" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் ஹேரத் மாத்தையா என்னிடம் கேட்டார், நடுவில் சத்தம் ஏன் நின்றது?

"சின்ன டெக்னிக்கல் பிழை சார்."

கண்ணாடியைக் கழற்றினார். "இதிங்?"

"பயந்துட்டேன் சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதனால், என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு பேருக்கும் என் பதில்: புதுப் படம் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. பார்க்காமல் திட்டுவதற்குக் கொழும்பில் ஆள் இருக்கிறது, அந்த வேலைக்கு நான் போட்டி போடவில்லை. லெப்டொப்பை மூடுங்கள். துணியைக் கட்டுங்கள், இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற மாதிரி. சத்தத்தை முழுசாக வையுங்கள். அதற்குப் பிறகும் சனம் எழும்பிப் போனால் படம் கெட்டது என்று தைரியமாக எழுதுங்கள். ஆனால் எழும்புகிறவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் அவசரப்பட்டுச் சத்தத்தை நிறுத்தினவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

பிறகு அந்தப் படத்தைக் கேகாலைப் பக்கமும் பெல்மதுளைப் பக்கமும் எத்தனையோ தோட்டங்களில் போட்டோம். செல்வமேரி அக்கா அடுத்த தவக்காலம் கோயிலில் பாடினார். மகளும் அவிசாவளையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள் என்று கேள்வி. எங்கள் காட்சி எங்கே என்று தெரிந்தால், பஸ் பிடித்து அங்கேயும் வந்துவிடுவார் அக்கா. பின்பக்கம் போக மாட்டார். முன்னால், நடுவில். தன் காட்சி வந்ததும் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வார். படம் அவருக்கு மனப்பாடம். சனத்தைத்தான் பார்ப்பார், வரிசை வரிசையாக.

ஒருநாள் பெல்மதுளையில் காட்சி முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் கடுமையாக இருந்தது. யாராவது சிரித்துவிட்டார்களோ என்று எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

"தம்பி, அந்த மூணாவது வரிசையில மீசைக்காரர் ஒருத்தர். கடைசி வரைக்கும் கண்ணே கலங்கல. யாரு அது, அவரும் டொக்டரா?"